பிரிக்காத அரிசி மூட்டை

நோயைப் பற்றி யார் எழுதியிருந்தாலும் நான் முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவேன். எழுதியவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று தெரிந்தால்தான் முதல் பக்கத்துக்குத் திரும்ப மனம் வரும். என்னைப் போன்றவர்கள் இருப்பார்கள் என்பதால் அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் குணமாகவில்லை. மார்பில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் போய், இரண்டு வருடமாக அங்கேயே இருக்கிறது. நானும் இருக்கிறேன். கீமோவை நிறுத்திவிட்டு மாத்திரையும், மாதம் ஒரு எலும்பு மருந்தும் மட்டும் கொடுத்திருக்கும் ஓய்வுக் காலம் இது. என் மகன் மதியம் தூங்கும் நேரத்தில் எழுதுகிறேன்.

இதையெல்லாம் வெளியில் சொல்லலாமா என்று குழம்பி, எழுதியதை இரண்டு தடவை கிழித்துப் போட்டேன். ஆனால் புனேயில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், சுற்றிலும் பேசுகிற மொழி பாதி புரியாமல், மடியில் ஸ்கேன் உறையோடு ஒரு தமிழ்ப் பெண் உட்கார்ந்திருப்பாள். நான் செய்த தவறை அவள் செய்துவிடக் கூடாது.

எங்களுக்குச் சொந்த ஊர் திண்டுக்கல். அங்கே பி.எஸ்ஸி. கணிதம் படித்து முடித்த கையோடு கல்யாணமாகி இங்கே வந்தேன். என் கணவர் காதருக்கு கேம்ப் பகுதியில் பள்ளிக்கூடப் பையும் சூட்கேஸும் விற்கிற சின்னக் கடை. வீடு ஏரவாடாவில், மாடியில். நோய் தெரிந்தபோது மகள் நஸ்ரினுக்கு ஆறு வயது. மகன் யூசுபுக்கு ஒன்றேகால்.

யூசுபுக்குப் பால் கொடுக்கும்போது இடது மார்பில் ஒரு கெட்டி தட்டுப்பட்டது. நஸ்ரின் குழந்தையாக இருந்தபோதும் அப்படிப் பால் கட்டி, வெந்நீர் ஒத்தடத்தில் கரைந்திருக்கிறது. இதுவும் கரையும் என்று நான்கு மாதம் ஒத்தடம் கொடுத்தேன். நடுவில் முதுகு வலித்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏறுகிறேன், வலிக்காதா என்று நினைத்தேன். அந்த நான்கு மாதத்தைப் பிறகு எத்தனையோ தடவை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். எங்கே நிறுத்தியிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு புது இடம் தெரிகிறது.

ஊசியால் குத்திக் கட்டியிலிருந்து நூலளவு சதை எடுத்தார்கள். அதைப் பரிசோதித்து என்ன கட்டி என்று சொல்வதுதான் பயாப்ஸி. பிறகு எலும்பு ஸ்கேன். நரம்பில் ஒரு மருந்து ஏற்றி, மூன்று மணி நேரம் தண்ணீர் குடிக்க வைத்து, உடம்பு முழுவதையும் படம் எடுப்பார்கள். நோய் இருக்கும் இடத்தில் அந்த மருந்து போய்க் கூடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். என் முதுகில் மூன்று இடத்திலும் இடுப்பில் ஓரிடத்திலும் தெரிந்தது.

டாக்டர் அம்மா படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, பேனா முனையால் ஒவ்வொன்றாகக் காட்டினார். இங்கே நடந்த பேச்சுகளில் பாதி ஹிந்தி, பாதி ஆங்கிலம். நான் தமிழில் எழுதுகிறேன்.

"இது நாலாவது நிலை. கிளம்பின இடத்தை விட்டு எலும்புக்குப் போயிடுச்சு. எடுத்துப் போட முடியாது. ஆனா கட்டிப் போடலாம். எவ்வளவு நாளைக்குன்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியாது."

என் கணவர்தான் கேட்டார். "பையனுக்குப் பால் குடுக்கலாமா, டாக்டர்?"

எத்தனையோ கேட்டிருக்கலாம். அவருக்கு அதுதான் வந்தது. டாக்டர் அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, "இன்னையோட நிறுத்தணும்" என்றார்.

உதவிக்கு ஊரிலிருந்து என் தங்கை ரஹ்மத் வந்துவிட்டாள். பால் மறக்கடிக்க வேப்பிலையை அரைத்துப் பூசச் சொன்னது அவள்தான். யூசுப் ஒரு தடவை முகத்தைச் சுளித்தான், பிறகு கசப்போடு சேர்த்துக் குடிக்கத் தொடங்கினான். "இவன் மருந்துக் கடைக்காரனாத்தான் வருவான்" என்றாள் ரஹ்மத். இருவரும் சிரித்தோம். அப்படியே அழுதோம். அன்றிலிருந்து அவன் அத்தாவோடு படுத்தான்.

கீமோ மூன்று வாரத்துக்கு ஒரு முறை. சாய்வு நாற்காலிகள் வரிசையாகப் போட்ட பெரிய கூடத்தில் காலையில் போய் உட்கார்ந்தால் மாலையில் எழுந்திருக்கலாம். புற்றுநோய் அணுக்களைக் கொல்லும் மருந்து நல்ல அணுக்களையும் சேர்த்து அடிக்கிறது. முடி கொட்டுவதும் வாய் புண்ணாவதும் அதனால்தான். அங்கே என் பக்கத்து நாற்காலி மங்கல் மவுஷிக்கு. மவுஷி என்றால் மராத்தியில் சித்தி. வயது ஐம்பதுக்கு மேல். ஆகுர்டியில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சப்பாத்தி போடுகிறவள். கணவன் இல்லை. கர்ப்பப்பையை எடுத்த பிறகு மிச்சம் மீதி இருக்கக் கூடாதென்று அவளுக்கு மருந்து ஏற்றினார்கள். லோக்கல் ரயில் பிடித்துத் தனியாக வருவாள். என்னைப் போரி என்றுதான் கூப்பிடுவாள். பெண்ணே என்று பொருள். ஊசி குத்த வரும் நர்ஸிடம், "நரம்பு கிடைக்கலைன்னா நானே தேடித் தரட்டுமா? மாவுல முடி விழுந்தாக் கண்டுபிடிக்கிற கண்ணு இது" என்பாள்.

வீட்டில் என் கணவர் நஸ்ரினுக்குப் பின்னல் போடக் கற்றுக்கொண்டார். ஒரு பின்னல் காதுக்கு மேலேயும் ஒன்று கழுத்துக்குக் கீழேயும் நிற்கும். நஸ்ரின் அதோடுதான் பள்ளிக்கூடம் போவாள். வீட்டை விட்டு இறங்கும்வரை நேராக்க மாட்டாள், அத்தா மனது கஷ்டப்படுமாம்.

அந்த வருடம் தீபாவளிப் பட்டாசுக் காகிதம் தெருவில் கிடக்கும்போதே ரமலான் வந்தது. அதற்குப் பத்து நாள் முன்பு என் கணவர் ஓர் அரிசி மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு மாடி ஏறி வந்தார்.

"அரிசிதான் இருக்கேங்க?"

"இது வேற" என்று சமையலறை மூலையில் சாய்த்து வைத்தார். "ஊருக்கு போன் போட்டு பள்ளிவாசல் ஹஜ்ரத்கிட்ட கேட்டேன். நோயாளிக்கு நோன்பு கடமையில்லையாம்."

அது எனக்கும் தெரியும். மீதியை அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நோயாளிகளில் இரண்டு வகை. குணமாவோம் என்ற நம்பிக்கை உள்ளவர்கள், விட்ட நோன்புகளைக் குணமான பிறகு நோற்க வேண்டும். அதற்குக் களா என்று பெயர். அந்த நம்பிக்கை இல்லாதவர்கள், ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவு கொடுக்க வேண்டும். அது ஃபித்யா. மூட்டை அதற்குத்தான்.

"நான் எந்த வகைங்க?"

அவர் காயப்போட்டு எடுத்த யூசுபின் சட்டையை மடித்தார். பிரித்து மறுபடியும் மடித்தார்.

"மூட்டையப் பிரிக்காதீங்க. யாரும் தொடக் கூடாது" என்றேன்.

என்னிடம் ஒரு நோட்டு உண்டு, கல்லூரியில் வாங்கியது. இரண்டு பிள்ளைகளைச் சுமந்தபோதும் பால் கொடுத்தபோதும் விட்டுப்போன நோன்புகளை அதில் கோடுகளாகப் போட்டு வைத்திருந்தேன். பகல் குறுகிய குளிர்காலத்தில் ஒன்றொன்றாக நோற்று அடித்து வந்தேன். பாதிக்கு மேல் பாக்கி இருந்தது. நோட்டு வைத்திருப்பவள் முதல் வகை, மூட்டை வைத்திருப்பவள் இரண்டாம் வகை. அப்படித்தான் என் மனதில் பதிந்தது. மூட்டையைப் பிரித்தால், நான் பிழைக்க மாட்டேன் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தது போல் ஆகும்.

அதனால் நோன்பு வைத்தேன், யாருக்கும் சொல்லாமல்.

அது ஒன்றும் கஷ்டமாக இல்லை. விடியுமுன் அவர்கள் சஹர் சாப்பிட எழும்போது, மாத்திரை போட என்று நானும் எழுந்து நான்கு வாய் சாப்பிட்டுக்கொள்வேன். பகலில் ரஹ்மத் எனக்காகத் தண்ணீர் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைப்பாள், இத்தனை மணிக்கு இதுவரை குடித்திருக்க வேண்டும் என்று. அவள் துணி காயப்போடப் போகும்போது அந்தக் கோடு வரை பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றிவிடுவேன். குழாயில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும் தெரு எங்களுடையது. நல்ல தண்ணீரை ஊற்றுவது பாவமாகப் படும். ஆனாலும் மாலையில் பாங்கு சொல்லும் நேரம் வந்ததும், இன்றைக்கும் ஒன்று முடித்தேன், நான் முதல் வகைதான் என்று ஒரு தெம்பு வரும். அந்தத் தெம்பு பொய் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் அது ஆபத்து.

ஏழாம் நோன்பன்று எலும்பு மருந்து ஏற்றும் நாள். எலும்பை அரிப்பிலிருந்து காக்கும் மருந்து அது. சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுவதால் முந்தைய நாளிலிருந்தே நிறையத் தண்ணீர் குடித்து வரச் சொல்வார்கள். நரம்பில் மருந்து ஏறினால் நோன்பு முறியுமா என்று அதற்கு முன்னால் இரண்டு நாள் யோசித்தேன். உணவில்லையே, முறியாது என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். தண்ணீரைப் பற்றி யோசிக்கவில்லை.

ரஹ்மத் பிள்ளைகளோடு வீட்டில் இருந்தாள். ஆட்டோ பிடித்து, பண்ட் கார்டன் பாலம் தாண்டித் தனியாகப் போனேன். காலையிலேயே இரத்தம் எடுத்துவிட்டார்கள். மங்கல் மவுஷி வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாள்.

"எடுத்துக்கோ, போரி."

"வேணாம், மவுஷி."

"வாந்தி வருதா?"

"இல்ல."

"அப்ப உபவாசமா?" வெடித்து வெளுத்திருந்த என் உதட்டையே பார்த்தாள்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"எனக்கென்ன வந்தது" என்று கடலையைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

நர்ஸ் வந்து, "தண்ணி நல்லாக் குடிச்சீங்களா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். நோன்பு வாயால் பொய் சொல்லாமல் தலையால் சொன்னேன் என்று அந்த நேரத்திலும் ஒரு கணக்கு ஓடியது. பாத்ரூம் போக எழுந்தேன். தரையில் போட்டிருந்த வெள்ளைக் கோடு மேலே வந்தது. பிறகு காதில் விழுந்தது மங்கல் மவுஷியின் குரல்.

"சிஸ்டர்! இவ பச்சைத் தண்ணி குடிக்கல! உபவாசம்! ஊசியப் போட்டுறாதே, சொல்லிட்டேன்!"

இரத்த முடிவு வந்தபோது கிரியாட்டினின் இரண்டு மடங்காக இருந்தது. சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு இரத்தத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று காட்டும் அளவு அது. மருந்தை ஏற்றாமல் வார்டில் சேர்த்து, சலைன் போட்டார்கள். மாலையில் டாக்டர் அம்மா வந்து நின்றார்.

"நோன்பு வைக்கலாமான்னு என்கிட்ட ஏன் கேக்கல?"

நான் சலைன் பாட்டிலைப் பார்த்தேன்.

"வேணாம்னு சொல்லிருவேன்னு தெரிஞ்சு கேக்கல. சரி. தண்ணி குடிச்சேன்னு ஏன் சொன்னீங்க? நீங்க சொல்றத நம்பித்தானே நான் மருந்து எழுதுறேன்? இந்த மாச எலும்பு மருந்து கிடையாது. அடுத்த கீமோவும் தள்ளிப் போகும்."

குணமாகிறவள் என்று காட்டத்தான் நோன்பு வைத்தேன். அதுவே என்னைக் காப்பாற்றுகிற மருந்தைத் தள்ளி வைத்துவிட்டது. அவர் திரும்பும்போது, என் கணவரிடம் கேட்டதையே அவரிடமும் கேட்டேன். இரண்டு வகையையும் சொல்லி, நான் எந்த வகை என்று கேட்டேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க மார்க்கத்துல எனக்கு ஒண்ணும் தெரியாது. வைத்தியத்துல கேட்டா, இது உங்கள விட்டுப் போகாது. அதுக்காக நான் உங்கள வழியனுப்பி வைக்க வைத்தியம் பாக்கல. அடுத்த வருஷ ஸ்கேன் எந்த மாசம்னு யோசிச்சு வச்சிருக்கேன். நடுவுல நீங்க கிட்னியக் கெடுத்துக்கிட்டா நான் என்ன பண்றது?"

அவர் போன பிறகு படுத்தபடியே தொழுதேன். இடுப்பில் நோய் இருப்பதால் குனிய முடியாது. பல வாரங்களாகக் கண்ணாலும் தலையசைப்பாலும்தான் என் தொழுகை. அன்றைக்கு அது பாதியில் உறைத்தது. நிற்க முடியாதவர் உட்காரலாம், உட்கார முடியாதவர் படுக்கலாம் என்ற சலுகையை நான் ஒரு நாளும் யோசிக்காமல் எடுத்துக்கொண்டேன். இனி நிற்கவே மாட்டாய் என்ற தீர்ப்பாக அதை நான் நினைத்ததில்லை. நோன்புக்கு மட்டும் ஏன் அப்படி நினைத்தேன்? பட்டினி கிடக்க முடியாதவள் இன்னொருவர் பசியாற்றட்டும் என்று அல்லாஹ் எனக்காக ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தான். நான் வெளியிலேயே நின்று, அது வெளியே போகும் வழி என்று பிடிவாதம் பிடித்திருக்கிறேன்.

குணமாகவும் மாட்டேன், இப்போதைக்குச் சாகவும் மாட்டேன். அப்படி ஒரு வாழ்க்கை இருக்கிறது. அதை வாழ்வதற்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். அவ்வளவுதான் என்று பட்டது. பயம் போகவில்லை. ஆனால் பயத்தோடு செய்வதற்கு ஒரு வேலை கிடைத்தது.

மறுநாள் இரத்தப் பரிசோதனைக்கு வந்த மங்கல் மவுஷி வார்டுக்கே ஏறி வந்தாள்.

"சொல்லிட்டேன். கோவமா?"

"இல்ல, மவுஷி."

"கோவம்னாலும் பரவால்ல. நானும் சதுர்த்திக்கு உபவாசம் இருக்கறவதான். ஆபரேஷனுக்கு அப்புறம் டாக்டர் திட்டிட்டாங்க. நேராப் போயி கணபதிகிட்டச் சொல்லிட்டேன், 'அப்பனே, உன் வயிறுதான் பெருசு. இந்த வருஷம் எனக்குப் பதிலா நீ பட்டினி கிட'ன்னு."

"என்ன சொன்னாரு?"

"மோதகத்தக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. என்ன சொல்வாரு?"

எனக்குச் சிரித்துச் சிரித்து சலைன் ஊசி போட்ட இடம் வலித்தது.

அன்று மாலை நோன்பு திறக்கும் நேரத்தில் என் கணவர் கட்டிலோரம் இருந்தார். பேரீச்சம்பழத்தைப் பிட்டு வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். நானும் என் பாட்டிலை எடுத்து, அவர் பார்க்கக் குடித்தேன்.

"மூட்டையப் பிரிச்சிருங்க" என்றேன்.

அவர் கையிலிருந்த மீதிப் பழத்தைக் கீழே வைத்தார். "நான் ஹஜ்ரத்கிட்ட எந்த வகைன்னு சொல்லல, ஜமீலா. உடம்பு சரியில்லன்னு மட்டும்தான் சொன்னேன். அவரு ரெண்டையும் சொன்னாரு. மேல கேக்க பயந்துக்கிட்டு போனை வச்சுட்டேன். ரெண்டாவதா இருந்துட்டா நீ கடன்பட்டு நிக்கக் கூடாதேன்னுதான் மூட்டை வாங்கினேன். மொத வகையா இருந்தா நாமளே சாப்பிட்டுக்கலாம்னு நினைச்சேன்."

இத்தனை நாள் என்னை இரண்டாம் வகையில் சேர்த்துவிட்டார் என்று அவர் மேல் மனத்தாங்கலாக இருந்தேன். அவரும் என்னைப் போலவே ஒன்றும் தெரியாமல்தான் அந்த மூட்டையைச் சுமந்து வந்திருக்கிறார்.

"எந்த வகைன்னு அல்லாவுக்குத் தெரியும்ங்க. நாம சோறு போட்டுருவோம். நாளைக்கு அவன் தெம்பு குடுத்தா நோன்பும் வச்சிருவேன். ரெண்டையும் அவன் வேணாம்னு சொல்லப் போறதில்ல."

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தேன். எங்கள் தெருக்கோடியில், வீட்டு வேலைக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்க்கும் கணவனில்லாத ஒரு பெண் இருக்கிறாள். தினமும் நோன்புக் கஞ்சியும் சோறும் அவள் வீட்டுக்குப் போயின. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால். ரஹ்மத் காய்ச்சினாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உப்புச் சரியா என்று பார்த்தேன். நோன்பு வைத்தவள் ருசி பார்க்க முடியாதே. எத்தனையோ வருடத்தில் முதல் முறையாக எங்கள் வீட்டுக் கஞ்சிக்கு உப்புச் சரியாக அமைந்தது என்று என் கணவர் சொன்னார்.

தள்ளிப் போன கீமோ நாளில் மங்கல் மவுஷிக்கும் ஒரு தூக்கில் கஞ்சி கொண்டுபோனேன். காலை ரயிலுக்குக் கிளம்பி வருகிறவள் மாலை வரை அந்தக் கடலையை மட்டும்தான் தின்கிறாள் என்பது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் எனக்கு உறைக்கவில்லை. அவளுக்குக் கொடுப்பது ஃபித்யாவில் சேருமா என்ற சந்தேகத்தில் அந்தக் கணக்கில் சேர்க்காமல் தனியாகக் காய்ச்சச் சொன்னேன். கறி போடாமல் காய்ச்சச் சொன்னதும் நான்தான்.

ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தாள். "கறி இல்லையா? ஏன், நான் என்ன பண்டரிபுரத்துக்கு மாலை போட்டவளா? அடுத்த தடவை ஒழுங்காக் கொண்டு வா."

அடுத்த தடவை கொத்துக்கறி போட்டுக் கொண்டுபோனேன். அவள் மருந்துகள் முடிந்து இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்கு மட்டும் வருகிறாள். வரும் நாளை எனக்கு முன்கூட்டியே போனில் சொல்லிவிடுவாள், கஞ்சிக்காகத்தான்.

அல்ஹம்துலில்லாஹ், இறைவனுக்கு நன்றி என்ற சொல்லை நான் முன்பு பழக்கத்தில் சொல்வேன். தும்மினால் வரும், சாப்பிட்டு எழுந்தால் வரும். இப்போது எதற்கு என்று தெரிந்து சொல்கிறேன். முதல் குத்திலேயே நரம்பு கிடைத்ததற்கு. சோறு கொதிக்கும் வாசனையில் குமட்டாத காலைக்கு. பொய் சொன்ன என்னைக் காட்டிக்கொடுத்த ஒரு வாய்க்கு. நான்கு மாதம் ஒத்தடம் கொடுத்த அந்தப் பெண்ணை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், சில நாள் ஆம், சில நாள் இல்லை.

இந்த வருடம் ரமலானுக்குப் போன வாரம் மூட்டை வந்தது. இது மூன்றாவது. பழைய நோட்டை நான் தூக்கிப் போடவில்லை. இரண்டு ரமலானின் கோடுகளும் அதில் சேர்ந்திருக்கின்றன. அதை எடுத்து மூட்டையின் மேல் வைத்திருந்தேன். நேற்று மூட்டையைப் பிரிக்க உட்கார்ந்தேன். வாயைத் தைத்திருக்கும் நூலின் சரியான முனையைப் பிடித்தால் ஒரே இழுப்பில் கழன்று வரும். தவறான முனை என்றால் முடிச்சு விழும். கீமோ மருந்து ஏறி ஏறி என் விரல் நுனிகள் மரத்திருக்கின்றன. முனை பிடிபடவில்லை.

"தள்ளுங்கம்மா" என்று எட்டு வயது நஸ்ரின் வந்து உட்கார்ந்தாள். நோட்டை எடுத்து என் மடியில் வைத்தாள். இரண்டு பக்கமும் பார்த்து ஒரு முனையைத் தேர்ந்தெடுத்தாள்.

"அடுத்த வருஷம் நான் முழு நோன்பு வைக்கட்டுமா?"

"வை."

"சஹருக்கு யாரு எழுப்புவா? அத்தா எழுப்பினா எனக்கு முழிப்பே வராது."

"நான் எழுப்புறேன்."

"கண்டிப்பா?"

"இன்ஷா அல்லாஹ். இழு."

அவள் இழுத்தாள்.